நெமோவ், ஏதென்ஸ் 2004: நடுவர்கள் செய்தது அநியாயமா?

ஊஞ்சல்காரன்:
அலெக்சி நெமோவின் ஏதென்ஸ் வீடியோ மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2004 ஒலிம்பிக், ஆகஸ்ட் 23, ஜிம்னாஸ்டிக்ஸில் ஆண்கள் ஹை பார் (உயரக் கம்பி) இறுதிச் சுற்று. ரஷ்யாவின் நெமோவுக்கு 28 வயது, மூன்றாவது ஒலிம்பிக். கம்பியை விட்டுப் பறந்து மறுபடி பிடிக்கும் வித்தை ஆறு செய்கிறார், அதில் நான்கு அடுத்தடுத்து. இறங்கும்போது ஒரு எட்டு வைக்கிறார். பலகையில் 9.725 வருகிறது. அரங்கம் கொந்தளிக்கிறது. கிட்டத்தட்ட கால் மணி நேரம் போட்டி நிற்கிறது. நடுவர்கள் மதிப்பெண்ணை 9.762 ஆக்குகிறார்கள், அதற்கும் கூச்சல் அடங்கவில்லை. கடைசியில் நெமோவே மேடையில் ஏறி, கூட்டத்துக்குக் கையசைத்து, உதட்டில் விரலை வைத்து அமைதியாக உட்காரச் சொல்கிறார். முடிவில் அவருக்கு ஐந்தாம் இடம்.

வீடியோவுக்குக் கீழே எல்லாரும் "தங்கத்தைத் திருடிவிட்டார்கள்" என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. இங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

பழைய ரசிகன்:
இதில் சொல்ல என்ன இருக்கிறது? அன்று நேரலையில் பார்த்தவன் நான். அநியாயம்தான்.

மற்றவர்கள் இரண்டு மூன்று முறை கையை விட்டுப் பிடித்துவிட்டு, மீதி நேரத்தைப் பத்திரமாகச் சுற்றித் தள்ளினார்கள். இந்த மனிதர் அப்படியா? ஒரு தக்காச்சேவ் முடித்துக் கம்பியைப் பிடிக்கிறார், அந்தச் சுற்றின் வேகத்திலேயே அடுத்த தக்காச்சேவ், அப்புறம் மூன்றாவது. அது முடிந்ததும் ஒரு கிங்கர். நடுவில் மூச்சு விடச் சும்மா ஒரு சுற்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் உடம்பு கம்பிக்கு மேலே அவ்வளவு தூரம் போகிறது. அதற்கு 9.725 போட்டால் கூட்டம் சும்மா இருக்குமா? கத்தியவர்கள் ரஷ்யர்கள் மட்டும் இல்லை. எல்லா நாட்டுக்காரர்களும் எழுந்து நின்று கத்தினார்கள்.

தாமரைக்குளம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தக்காச்சேவ், கிங்கர் எல்லாம் என்ன? எனக்குத் தெரிந்த ஜிம்னாஸ்டிக்ஸ் நாடியா கொமனெச்சியோடு முடிந்துவிட்டது.

ஜிம் மாஸ்டர்:
தாமரைக்குளம் அம்மா, இரண்டும் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். தக்காச்சேவ் சோவியத் வீரர், கிங்கர் மேற்கு ஜெர்மனிக்காரர்.

கம்பி தரையிலிருந்து 2.8 மீட்டர் உயரம், 28 மில்லிமீட்டர் தடிமன். அதைப் பிடித்து முழு வட்டம் சுற்றுவார்கள். தக்காச்சேவ் செய்யும்போது, கீழே வந்து முன்பக்கமாக மேலே எழும்பும் நேரத்தில் கையை விட வேண்டும். உடம்பு ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை எதிர்த்திசைக்குத் திருப்பி, கம்பிக்கு மேலே முதுகுப் பக்கமாகத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் மறுபடி பிடிக்க வேண்டும். தாண்டும்போது கம்பி கண்ணில் படாது, தாண்டிய பிறகுதான் தெரியும். கால்களை விரித்துக்கொண்டு செய்யலாம், இடுப்பை மடித்துச் செய்யலாம், உடம்பை நேராக நீட்டிச் செய்யலாம். நீட்டியபடி செய்வதுதான் கடினம். கிங்கர் என்பது பின்பக்கக் குட்டிக்கரணம் போட்டு, பாதியில் உடம்பைத் திருப்பி, கம்பியைப் பார்த்தபடி வந்து பிடிப்பது.

கையில் தோல் கிரிப் போட்டிருப்பார்கள். விரல் அடியில் ஒரு சின்ன உருளை தைத்திருக்கும், அது கம்பியில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை விட்டுப் பிடித்தாலே அந்தக் கிரிப் கொஞ்சம் இடம் மாறும். நான்கு தடவை தொடர்ந்து என்றால், சரிசெய்ய நேரம் கொடுக்காமல் நான்கு தடவை அதன் மேல் நம்பிக்கை வைக்கிறார் என்று அர்த்தம். வீடியோவில் இதெல்லாம் தெரியாது.

கணக்குப்புலி:
நான் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறேன்.

அப்போதைய முறைப்படி ஆறு நடுவர்கள் செயல்திறனுக்குப் புள்ளி போடுவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, மீதி நான்கின் சராசரியை எடுப்பார்கள். ஒவ்வொருவரும் 0.05 படிகளில் போடுவார்கள். அதனால்தான் எல்லா மதிப்பெண்ணும் .725, .762, .787, .812 என்று முடிகிறது. .725 தவிர மற்றவற்றில் நான்காவது இலக்கத்தில் ஒரு 5 இருக்கும், அதை வெட்டிவிட்டார்கள்.

இறுதி முடிவு: இத்தாலியின் இகோர் கசினா 9.812, அமெரிக்காவின் பால் ஹாம் அதே 9.812. சமநிலை விதிப்படி கசினாவுக்குத் தங்கம். ஜப்பானின் யோனெடா 9.787, வெண்கலம். பாலின் இரட்டைச் சகோதரர் மோர்கன் ஹாமும் அதே 9.787, ஆனால் நான்காம் இடம். அப்புறம் நெமோவ் 9.762.

வெண்கலத்துக்கும் நெமோவுக்கும் இடைவெளி 0.025. எண்ணப்பட்ட நால்வரில் இருவர் ஆளுக்கு 0.05 கூட்டியிருந்தால் வெண்கலத்தோடு சமம். அவ்வளவு நெருக்கம்.

இப்போது அந்தக் கடைசி எட்டைப் பாருங்கள். இறங்கும்போது சின்னதாக ஒரு எட்டு வைத்தால்கூடக் குறைந்தது 0.1 போகும். அந்த எட்டு இல்லாமல் நின்றிருந்தால், கூட்டம் கத்துவதற்கு முன்னால் கொடுத்த 9.725 என்ற பழைய மதிப்பெண்ணே 9.825 ஆகியிருக்கும். தங்கம் 9.812.

அதாவது, நீங்கள் திட்டுகிற அதே நடுவர்களின் அதே கையால் அவருக்குத் தங்கம் கிடைத்திருக்கும்.

பழைய ரசிகன்:
புலி, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவருக்குப் பிறகு ஆடியவர்களுக்கு நடுவர்கள் அதற்கு ஏற்றபடி ஏற்றியோ இறக்கியோ போட்டிருப்பார்கள். ஒரு எண்ணை மாற்றினால் மற்றது அப்படியே நிற்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கணக்குப்புலி:
சொல்ல முடியாதுதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று. "என்ன செய்திருந்தாலும் பதக்கம் கொடுத்திருக்க மாட்டார்கள்" என்ற கதை நிற்காது. கதவு திறந்துதான் இருந்தது.

வடம்:
எல்லாரும் மைய விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ஆறு வித்தை செய்ததற்கு ஏன் கூடுதல் புள்ளி இல்லை? அதைக் கேளுங்கள்.

அன்றைய விதியில் ஒரு ஆட்டத்தின் தொடக்க மதிப்பு அதிகபட்சம் 10.0. கடினமான வித்தைக்கும், வித்தைகளை இணைப்பதற்கும் போனஸ் உண்டு, ஆனால் எல்லாம் சேர்ந்து 10-ஐத் தொட்டால் முடிந்தது. அதற்கு மேல் நீங்கள் நிலவுக்கே பறந்தாலும் ஒரு பைசா கூடாது. மூன்று விட்டுப்பிடியோடு 10.0 வாங்கியவரும், ஆறோடு 10.0 வாங்கியவரும் காகிதத்தில் ஒன்று. அதன் பிறகு நடப்பதெல்லாம் கழித்தல்தான். கால் பிரிந்தால் கழி, முழங்கை மடங்கினால் கழி. அதிகம் செய்கிறவர் கழிக்க அதிக இடம் கொடுக்கிறார்.

எனவே நெமோவ் தனக்கு லாபமே இல்லாத, நஷ்டம் மட்டுமே வரக்கூடிய ஒரு ஆட்டத்தைத் தெரிந்தே ஆடினார். நடுவர்கள் விதிப்படிதான் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விதிதான் கோணல்.

ஜிம் மாஸ்டர்:
வடம் தம்பி சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். உயரம் நல்லதுதான், ஆனால் நெமோவின் அன்றைய ஆட்டத்தில் உருவம் எல்லா இடத்திலும் சுத்தமாக இல்லை. கூட்டம் உயரத்தைப் பார்க்கும். நடுவர் முழங்காலையும் பாதவிரலையும் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. 9.725 கஞ்சத்தனமான மதிப்பெண் என்றுதான் எனக்கும் படுகிறது, ஆனால் கொள்ளை இல்லை.

வோல்கா:
நெமோவ் என்றாலே இந்த ஒரு வீடியோதான் என்று ஆகிவிட்டது. எனக்கு அதுதான் கடுப்பு. தோற்ற ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு மனிதரை நினைவில் வைத்திருக்கிறோம்.

அவர் மொத்தம் வாங்கிய ஒலிம்பிக் பதக்கம் 12. நான்கு தங்கம், இரண்டு வெள்ளி, ஆறு வெண்கலம். எல்லாமே இரண்டே ஒலிம்பிக்கில்: 1996 அட்லாண்டாவில் ஆறு, 2000 சிட்னியில் ஆறு. சிட்னியில் வேறு எந்த விளையாட்டிலும் யாரும் அவரைவிட அதிகப் பதக்கம் வாங்கவில்லை.

பிறந்தது 1976-ல் மொர்தோவியாவில் பராஷெவோ என்ற சின்ன ஊர். வளர்ந்தது வோல்கா கரையில் தொல்யாட்டி. லாடா கார் செய்கிற நகரம். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாட்டியின் பெயரை வைத்த ஊர்ப் பையனிடமிருந்து கடைசியில் ஒரு இத்தாலியர் ஹை பார் தங்கத்தை வாங்கிப் போனார், பாருங்கள். தாய் தனியாக வளர்த்த பிள்ளை. ஐந்து வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளியில் சேர்ந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அவருக்கு 15 வயது. சோவியத் அணி வீரர் ஷெர்போ பெலாரஸ் பக்கம் போனார், மற்றவர்கள் உக்ரைன் பக்கம். ரஷ்யா என்ற பெயரில் புது அணி கட்ட வேண்டியிருந்த காலம். அதன் நடுத்தூண் இவர்தான்.

ஊஞ்சல்காரன்:
அட்லாண்டாவில் ஆல் அரவுண்ட் (ஆறு கருவிகளையும் சேர்த்த தனிநபர் போட்டி) வெள்ளிதானே?

வோல்கா:
ஆமாம். லீ சியாவோஷுவாங் 58.423, நெமோவ் 58.374. வித்தியாசம் 0.049. ஆறு கருவிகளில் ஆடிவிட்டு அந்த வித்தியாசத்தில் தோற்பதை நினைத்துப் பாருங்கள். கடைசிச் சுற்றில் லீக்கு ஹை பார், நெமோவுக்குத் தரைப் பயிற்சி. தரைப் பயிற்சியில் அடுத்த வருடமே லோசானில் உலகச் சாம்பியன் ஆனவர், அன்று அதிலேயே சின்னதாகப் பிசகினார். வெண்கலம் ஷெர்போவுக்கு.

ஆனால் அதே அட்லாண்டாவில் அணித் தங்கமும் வால்ட் (ஓடிவந்து கருவி மேல் கை ஊன்றித் தாவுவது) தங்கமும் வாங்கினார். வால்டில் கொரியாவின் யோ ஹாங்-சுல் தான் எல்லாரும் எதிர்பார்த்தவர். இரண்டாவது தாவலில் இறங்கும்போது தடுமாறினார், தங்கம் நெமோவுக்கு வந்தது. அந்த யோவின் மகள் யோ சியோ-ஜியாங் டோக்கியோவில் அதே வால்டில் வெண்கலம் வாங்கியது தனிக் கதை.

கணக்குப்புலி:
ஆக, 1996-ல் அடுத்தவரின் லேண்டிங்கால் ஒரு தங்கம் வந்தது, 2004-ல் தன் லேண்டிங்கால் ஒரு தங்கம் போனது. இந்த விளையாட்டில் எல்லாமே கடைசி அரை நொடிதான் போல.

ஜிம் மாஸ்டர்:
பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகளிடம் தினமும் கத்துகிற விஷயம் அதுதான். ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். ஆனால் கேட்பதற்குத்தான் சுலபம். ஹை பாரில் ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட தொங்கிச் சுற்றிவிட்டு, முன்கை எல்லாம் இறுகிப்போன நிலையில், கடைசிச் சுற்றில் எந்த நொடி கையை விடுகிறீர்கள் என்பதுதான் லேண்டிங்கைத் தீர்மானிக்கிறது. காலில் இல்லை விஷயம், விரலில் இருக்கிறது. நான்கு விட்டுப்பிடியைத் தொடர்ந்து செய்தவரின் விரல் எப்படி இருக்கும் என்று நினைத்தால் அந்த ஒரு எட்டு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பவானி:
சிட்னியைப் பற்றி யாருமே பேசவில்லையே. அதுதான் அவருடைய உச்சம்.

ஆல் அரவுண்ட் தங்கம், 58.474. சீனாவின் யாங் வெய் இரண்டாவது, உக்ரைனின் ஒலெக்சாந்தர் பெரெஷ் மூன்றாவது. (பெரெஷ் 2004 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்துபோனார். ஏதென்ஸுக்கு வந்திருக்க வேண்டியவர்.) நான்காவது பெலாரஸின் இவான் இவான்கோவ். உலகச் சாம்பியன் பட்டத்தை இரண்டு முறை வாங்கிய இவான்கோவுக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை. நெமோவ் தலைகீழ்: உலக ஆல் அரவுண்ட் பட்டம் ஒருமுறைகூட வாங்கியதில்லை, ஒலிம்பிக்கில் அள்ளினார். 1999 தியான்ஜின் உலகப் போட்டியில் தரைப் பயிற்சி, பம்மல் ஹார்ஸ் (கைப்பிடி வைத்த குதிரைக் கருவி) இரண்டிலும் தங்கம் வாங்கினார், ஆனால் ஆல் அரவுண்ட் பட்டம் அவருடைய அணித்தோழர் நிகோலாய் குரியுகோவுக்குப் போனது.

இன்னொன்று. சிட்னி ஹை பார் தங்கம் எப்படி வந்தது தெரியுமா? நெமோவும் பிரான்சின் பெஞ்சமின் வரோனியனும் 9.787-ல் சமம். சமநிலை விதிப்படி நெமோவுக்குத் தங்கம். அன்று வரோனியனுக்காக யாரும் கால் மணி நேரம் கத்தவில்லை.

பழைய ரசிகன்:
பவானி, அது வேறு இது வேறு. அங்கே விதி வேலை செய்தது. இங்கே நடுவர் வேலை செய்யவில்லை.

பவானி:
சார், இரண்டு இடத்திலும் விதிதான் வேலை செய்தது. ஒரு இடத்தில் உங்களுக்குப் பிடித்தவர் ஜெயித்தார், இன்னொரு இடத்தில் தோற்றார்.

வடம்:
எனக்கு உண்மையிலேயே அசிங்கமாகப் பட்டது 9.725 இல்லை, 9.762. மலேசிய, கனடிய நடுவர்கள் இருவரும் கூச்சலுக்குப் பிறகு புள்ளியை ஏற்றினார்கள். முதலில் போட்டது சரியென்றால் ஏன் மாற்ற வேண்டும்? தப்பென்றால் ஏன் பதக்கத்துக்குத் தேவையான அளவு மாற்றவில்லை? கூட்டத்தைச் சமாதானப்படுத்த ஒரு 0.037 போட்டார்கள். கூட்டம் அதைப் புரிந்துகொண்டுதான் இன்னும் அதிகமாகக் கத்தியது.

தாமரைக்குளம்:
அந்த நேரத்தில் அடுத்து ஆட வேண்டியவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

வோல்கா:
அதுதான் இந்தக் கதையில் யாரும் சொல்லாத பக்கம். அடுத்தவர் பால் ஹாம். கையில் சாக் பவுடர் தடவி, உடம்பைச் சூடாக்கி, கம்பிக்குக் கீழே தயாராக நிற்கிறார். கூட்டம் கத்திக்கொண்டே இருக்கிறது. நிற்க நிற்க உடம்பு ஆறிவிடும்.

ஹாமுக்கு அந்த வாரமே சரியில்லை. சில நாள் முன்னால்தான் ஆல் அரவுண்டில் வால்ட் லேண்டிங்கில் நிலைகுலைந்து, கடைசி இரண்டு கருவிகளில் மீண்டு வந்து தங்கம் வாங்கியிருந்தார். பிறகுதான் தெரிந்தது, கொரியாவின் யாங் டே-யாங்குக்கு பேரலல் பாரில் (இணைக்கம்பி) 10.0 என்று போட வேண்டிய தொடக்க மதிப்பை நடுவர்கள் 9.9 என்று போட்டிருக்கிறார்கள் என்று. அந்த 0.1 இருந்திருந்தால் யாங் முதலிடம். மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தார்கள். விஷயம் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், அக்டோபரில் ஹாம் பக்கம் தீர்ப்பு வந்தது. இவ்வளவும் தலைக்கு மேல் இருக்கும்போது அந்தக் கூச்சலில் கம்பியில் ஏறி 9.812 வாங்கினார். நெமோவ் வந்து கூட்டத்தை அடக்கியது தன் பெருந்தன்மையைக் காட்ட மட்டும் இல்லை. கீழே நிற்கிற ஆட்டக்காரனின் கஷ்டம் அவருக்குத் தெரியும். கூட்டத்தில் யாருக்கும் அது தெரியவில்லை.

ஊஞ்சல்காரன்:
இது எனக்குப் புதிது. நன்றி வோல்கா.

தாமரைக்குளம்:
அப்போ கசினாவுக்குக் கிடைத்தது நியாயமா?

ஜிம் மாஸ்டர்:
நியாயம்தான். பலரும் கசினா ஏதோ அதிர்ஷ்டத்தில் ஜெயித்தவர் மாதிரி பேசுகிறார்கள். கம்பிக்கு மேலே இரட்டைக் கரணம் போடுவது கொவாக்ஸ். அதை உடம்பை நீட்டியபடி, ஒரு முழுத் திருகலோடு செய்வது அவர் பெயரிலேயே கசினா என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அதை ஏதென்ஸ் இறுதியில் செய்து காட்டினார். நெமோவிடம் எண்ணிக்கை இருந்தது, கசினாவிடம் ஒரே வித்தையில் அந்தக் கடினம் இருந்தது.

வடம்:
சரி, விதி மாறியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் நடந்த இந்த இரண்டு குழப்பங்களும் சேர்ந்துதான் பழைய 10.0 முறைக்குச் சாவுமணி அடித்தன. 2006 முதல் கடினத்துக்குத் தனி மதிப்பெண், அதற்கு மேல் வரம்பு கிடையாது. செயல்திறனுக்குத் தனியாக 10-லிருந்து கழித்தல். இரண்டையும் கூட்டுவார்கள்.

அந்த விதியில் ஹை பார் எப்படி ஆகும் என்பதற்கு 2012 லண்டனைப் பாருங்கள். நெதர்லாந்தின் எப்கே சோண்டர்லாண்ட் கசினா, கொவாக்ஸ், கோல்மன் என்ற மூன்று விட்டுப்பிடி வித்தைகளையும் தொடர்ந்து செய்தார். கடின மதிப்பு 7.9, மொத்தம் 16.533, தங்கம். பழைய முறையில் அவரும் 10.0 என்ற கூரையில் முட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

கணக்குப்புலி:
ஆனால் நெமோவின் அதே ஆட்டத்தை இன்றைக்குக் கொண்டுவந்தால் தங்கம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே வகை வித்தையில் இத்தனைதான் எண்ணப்படும் என்று வரம்பு இருக்கிறது. ஆறு விட்டுப்பிடியும் கணக்கில் வராது. தக்காச்சேவ் வகைகளுக்கு இப்போது பெரிய மதிப்பும் இல்லை. விதி திறந்தது சோண்டர்லாண்ட் மாதிரி ஆட்களுக்கு.

பழைய ரசிகன்:
விதி, விதி, விதி. அரங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கண் இல்லையா? யார் அழகாக ஆடினார் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அதற்குப் புள்ளி போடத் தெரியாத விளையாட்டு என்ன விளையாட்டு?

வடம்:
அண்ணே, நீங்கள் சொல்வதும் நான் முதலில் சொன்னதும் ஒன்றுதான். நீங்கள் நடுவரைத் திட்டுகிறீர்கள், நான் புத்தகத்தைத் திட்டுகிறேன்.

பவானி:
ஏதென்ஸில் ரஷ்ய ஆண்கள் அணி ஆறாவது இடம். அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அட்லாண்டாவில் தங்கம், சிட்னியில் வெண்கலம், ஏதென்ஸில் ஆறு. நெமோவுக்குப் பின்னால் ஆள் வரவில்லை. அட்லாண்டாவிலும் சிட்னியிலும் அணியை நடத்திய லியோனித் அர்காயேவும் ஏதென்ஸுக்குப் பிறகு பதவியில் இல்லை. அந்த ஹை பார் ஆட்டத்தோடு நெமோவும் விடைபெற்றார்.

அட்லாண்டாவுக்குப் பிறகு அடுத்த ஒலிம்பிக் அணித் தங்கத்துக்கு ரஷ்ய ஆண்கள் 25 வருடம் காத்திருந்தார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நகோர்னி, தலலோயன், பெல்யாவ்ஸ்கி, அப்லியாசின். அதுவும் நாட்டின் கொடி, பெயர் இல்லாமல். ஜப்பானைவிட 0.103 அதிகம். தலலோயன் ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஜூலையில் வந்து ஆடினார். அதைப் பற்றித் தனியாக ஒரு இழை திறக்கலாம்.

ஊஞ்சல்காரன்:
திறங்கள், வருகிறேன். தலலோயன் தரைப் பயிற்சி ஆடியது எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

தாமரைக்குளம்:
ஒரே ஒரு கேள்வி. ஏதென்ஸ் தவிர்த்து அவருடைய நல்ல ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

வோல்கா:
சிட்னி ஆல் அரவுண்ட் முழுசாகக் கிடைத்தால் ஆறு கருவியையும் பாருங்கள். நேரம் இல்லையென்றால் சிட்னி பம்மல் ஹார்ஸ் மட்டும். அங்கே தங்கம் ருமேனியாவின் உர்சிகாவுக்கு, நெமோவுக்கு வெண்கலம்தான். ஹை பாரில் பறக்கிற அந்த ஆளா இது என்று தோன்றும். அவ்வளவு நிதானம்.

பழைய ரசிகன்:
பார்த்துவிட்டு ஏதென்ஸையும் இன்னொரு தடவை பாருங்கள் அம்மா. சத்தத்தை முழுசாக வைத்து.